மூச்சடக்கிப் போராட்டம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட், ஒட்டுக்கடை, மாலை நேரம். தே தாரிக் முன்னால் இருவர்: செம்பனை லோரி ஓட்டும் மாரி, ஓய்வுபெற்ற தோட்டத்து டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) பெருமாள்.)

மாரி: மானம் போச்சுண்ணே. புது மோட்டார் வாங்கக் காசு கேட்டேன், பொண்டாட்டி முடியாதுன்னுட்டா. மூச்சடக்கியே செத்துருவேன்னு மூக்கைப் புடிச்சிக்கிட்டு உக்காந்தேன்.

பெருமாள்: தங்கச்சி பயந்துருச்சா?

மாரி: ஸ்டாப்வாட்ச் போட்டுட்டா. 48 வினாடி. "காப்பி ஆறுறதுக்குள்ள செத்துப் பொழச்சிட்டீங்களே"ங்கறா.

பெருமாள்: அதுக்கு மேல உன் பேச்சு எடுபடாது. மூக்கைப் புடிச்சது பெருமூளை உத்தரவு. பிடரிக்கு உள்ள முகுளம்னு ஒன்னு இருக்கு, மூச்சுக்கு அதுதான் மண்டோர். அதுல ஒரு சின்ன நரம்புக் கொத்துதான் தாளம் போடுது, நிமிசத்துக்கு 12லேருந்து 20 வாட்டி. 1991ல கண்டுபிடிச்சாங்க. பேரு ப்ரீ-போட்ஸிங்கர்.

மாரி: பேரே வாயில நுழையலயே!

பெருமாள்: பக்கத்துல இருந்த கொத்துக்கு ஒரு ஜெர்மன் வைன் போத்தல் பேரை வச்சாங்க. அந்தப் பேருக்கு முன்னால 'ப்ரீ' சேத்து இதுக்கு வச்சாங்க.

மாரி: நம்ம ஆளு கண்டுபிடிச்சிருந்தா கள்ளுக்கொத்துன்னு வச்சிருப்பான். சரிண்ணே, காத்து பத்தலன்னுதானே கையை எடுத்தேன்?

பெருமாள்: அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. உயிர்க்காத்து, அதான் ஆக்சிஜன், இன்னும் நிறையவே இருந்துச்சு. வெளிய போக முடியாத கரியமில வாயு ரத்தத்துல ஏறிப்போச்சு. வழக்கமா அதோட அழுத்தம் 40, பாதரச மில்லிமீட்டர் கணக்குல. அது ஏற ஏற, மூளையைச் சுத்தியுள்ள தண்ணி புளிக்கும். முகுளம் மோப்பம் புடிச்சி உதரவிதானத்தை, அதான் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற மூச்சுத் தசையை, உதைக்கும். வயிறு துடிச்சிச்சா?

மாரி: தவளை மாதிரி துடிச்சிச்சு.

பெருமாள்: அந்த உதை போற நரம்பு கழுத்துத் தண்டுவடத்துல 3, 4, 5ஆம் பகுதியிலேருந்து கிளம்புது. 3க்கு மேல தண்டுவடம் அறுந்தா மூச்சு நின்னுரும். 6, 7ல அடிபட்டா கால் விளங்காது, ஆனா உதரவிதானம் ஓடும். குலை வெட்டுறவன் கழுத்துல மட்டை விழுந்தா, ஆட்டாம அசைக்காம தூக்குங்கடான்னு நான் கத்துனது இதுக்குத்தான்.

மாரி: கத்துறது உங்க பழக்கம்னு நெனச்சோம். சரி, நாளைக்கு ஆத்துல முங்கிக் காட்டுறேன். முங்குறதுக்கு முன்ன வேகவேகமா இருவது மூச்சு இழுத்துக்கிட்டா...

பெருமாள்: போட்டேன்னா! ரத்தத்துல உயிர்க்காத்து ஏற்கெனவே நூத்துக்கு 97, 98 நெறஞ்சிருக்கு, இனிமே எங்க ஏத்துவ? வேகமா இழுத்தா கரியமில வாயுதான் கொறையும். மணி அடிக்கிறவனை நீயே தூங்க வச்சிடுற. தாடைக்குக் கீழ, கழுத்து ரத்தக்குழாய் பிரியிற இடத்துல, அரிசி அளவு காவக்காரன் ஒருத்தன் இருக்கான். உயிர்க்காத்து அழுத்தம் 100லேருந்து 60க்கு எறங்குனாத்தான் அவன் பலமாக் கத்துவான். கரியமில வாயு கொறஞ்சிருக்குறப்ப அந்தக் கத்தலும் சரியா எடுபடாது, அதுக்குள்ள நெனவு தப்பிரும். அப்புறம் முகுளம் தன் வேலையைப் பாக்கும், தண்ணிக்குள்ளேயே மூச்சை இழுத்துரும். நல்லா நீந்துறவனும் இப்படித்தான் போறான்.

மாரி: ஆறு வேணாம். படுத்துக்கிட்டே ஜெயிக்கலாமா?

பெருமாள்: தூக்கத்துல பெருமூளை தலையிடாது, முகுளம் தானா ஓட்டும். சிலருக்குத் தொண்டை மடங்கி அடைச்சிக்கும். முகுளம் உதைக்கும், காத்து போவாது. குறட்டை நின்னு, 10 வினாடிக்கு மேல ஆயி, திடுக்குனு இழுத்தா, அதுவும் ராத்திரி பூரா அடிக்கடி நடந்தா, அது நோயி. பகல்ல வண்டி ஓட்டும்போது கண்ணு சொக்கும்.

மாரி: (எழுந்து நின்று) 22 வினாடிண்ணே!

பெருமாள்: என்னா 22?

மாரி: ராத்திரியும் ஸ்டாப்வாட்ச் போட்டா. அடிக்கடி நிக்கிதாம். தூக்கத்துலயும் நல்லா அடக்குறேன்னு பெருமையா இருந்துச்சு.

பெருமாள்: அட மடையா! இந்தக் கண்ணோடயா லோரி ஓட்டுற? இப்பவே கிளினிக்குக்குக் கெளம்பு.

மாரி: எதுல போறது? அதான் மோட்டார் இல்லியே!