கார் காட்டும் 55 டிகிரி வானிலை அறிக்கை அல்ல

"வெப்ப அலை! அடுத்த ஐந்து நாள் வெயில் 60 டிகிரியைத் தொடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஆதாரமாக, 55 காட்டும் கார் டேஷ்போர்டு படம்.

சரி, படம் நிஜமாகவே இருக்கலாம். ஆனால் வெயிலில் நின்ற காரின் சென்சார், சுடும் தார்ச்சாலைக்கும் எஞ்சினுக்கும் பக்கத்தில் இருக்கிறது. வானிலை நிலையங்களில் தெர்மாமீட்டரை, நேரடி வெயில் படாத, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டியில் வைத்து அளக்கிறார்கள். அப்படி அளந்ததில் உலக வானிலை அமைப்பு ஏற்றிருக்கும் உச்சமே 56.7 டிகிரி செல்சியஸ்தான்: அமெரிக்காவின் டெத் வேலி, 1913 ஜூலை 10. அதையும் தாண்டும் என்கிற செய்தியில் ஊர் பெயர்கூட இல்லை!

உங்கள் பகுதிக்கான முன்னறிவிப்பை உங்கள் நாட்டு வானிலைத் துறையின் தளத்தில் பாருங்கள். வெயில் கடுமைதான், ஆளைச் சாய்க்க 40 டிகிரியே போதும். இந்தச் செய்தியை மட்டும் மேலும் அனுப்ப வேண்டாம்.