பட்டன் போனுக்கு எதுக்குங்க ஒன்றரை ஜிபி

எங்கம்மா வச்சிருக்கறது பட்டன் போன். பச்சையை அமுக்குனா பேசலாம், செவப்ப அமுக்குனா கட் ஆகும், ராத்திரி கொல்லப்பக்கம் போக டார்ச் இருக்கு, அவ்ளோதான் அந்த போனு. அதுக்கு ஊர்ல ரீசார்ஜ் கடையில 349 ரூபா போட்டு விட்டுட்டு இருந்திருக்காங்க, தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவோட. எத்தன மாசமா நடக்குதுன்னு தெரியல, எனக்குத் தெரிஞ்சதே 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயித்துக்கிழம ஊருக்குப் போனப்பதான். எந்தக் கடை எந்த சிம்முன்னு கேக்காதீங்க, எல்லா ஊர்லயும் இதே கததான்.

நடந்தது என்னன்னா, மொத நாள் சனிக்கிழம கேஸ் சிலிண்டர் வந்திருக்கு. சிலிண்டர் போடுற தம்பி "ஆயா, போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு"ன்னு கேட்டிருக்கான். நம்பர் வரல. வாசல்ல எறக்கின சிலிண்டர திரும்ப வண்டில ஏத்திட்டுப் போயிட்டான், பாவம் அவன் மேலயும் தப்பு இல்ல. எனக்கு விஷயம் வந்ததே பக்கத்து வீட்டு சித்தி போன்லேந்துதான்.

வந்து பாத்தா வேலிடிட்டி முடிஞ்சு ஒரு வாரம் ஆயிருக்கு. அம்மா விடல. "தேதி தவறாம போட்டேன்ப்பா"ன்னு நகைக்கடை காலண்டர கொண்டாந்து காட்டுது. ஜனவரி 5ல பேனாவால ஒரு வட்டம், பிப்ரவரி 5லயும் ஒரு வட்டம். ஜனவரி 5 போட்டா 28 நாள் பிப்ரவரி 1 ராத்திரியோட முடிஞ்சிடுதுன்னு நான் விரல் விட்டு எண்ணிக் காமிச்சா, "மாசம்னா மாசந்தானேப்பா, அது என்ன எரவத்தெட்டு"ன்னு கேக்குது. என்னத்த சொல்றது. இதுல பிப்ரவரி 5 கடைக்குப் போயி "பத்து ரூபா போடு"ன்னு வேற போட்டுட்டு வந்திருக்கு, பணம் ஏறிடுச்சு, வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சிடுச்சு. பத்து ரூபா டாப்அப்ல வரி கிரி போக 7.47தான் பேலன்ஸ் ஏறும், வேலிடிட்டி ஒரு நாள் கூட நீளாது. இது அந்தக் காலம் மாதிரி இல்லன்னு ஒரு வயசானவங்களுக்கு யாரு போயி சொல்லுவா?

அன்னிக்கு ராத்திரி பாயில படுத்துகிட்டு கணக்கு போட்டேன். 349ஐ 28ஆல வகுத்தா நாளைக்கு 12 ரூபா 46 காசு. எங்கம்மா பேசறது எனக்கு, அக்காவுக்கு, மாமாவுக்கு, அப்புறம் பால்காரருக்கு. ஒரு நாளைக்கு மொத்தமா பத்து நிமிஷம் தேறாது. வருஷத்துக்கு 28 நாள் மாசம் 13 வரும், 13 தடவ போட்டா 4537 ரூபா. அம்மா சிம்முல அப்ப இருந்ததுலயே சின்னது 199 ரூபா பிளான், 28 நாள், 2 ஜிபி. அதுவே வருஷத்துக்கு 2587 ஆகுது. அதுலயும் அந்த 2 ஜிபிய அம்மா தொடப் போறதில்ல.

கம்மியா பேசுறவங்க வாங்குறது பேச்சே இல்லைங்க, நாளு. நம்பர் உசுரோட இருக்கணும், கால் வரணும், ஓடிபி வரணும், ரேஷன் கடை மெசேஜ் வரணும், மாசாமாசம் மகளிர் உரிமைத் தொகை ஏறுனா பேங்க் மெசேஜ் வரணும். அதனால பிளான் பாக்கும்போது எத்தன ஜிபின்னு பாக்காதீங்க, விலைய நாளால வகுங்க. வேற எந்த கணக்கும் வேணாம்.

நெறய பேருக்கு ஒரு கேள்வி இருக்கும், நாம கால் பண்றதே இல்ல, வர்ற காலுக்கு எதுக்கு காசுன்னு. முன்னாடி 999 ரூபா ஒருதடவ கட்டுனா காலம் பூரா கால் வரும்னு லைஃப்டைம் சிம் வாங்குனோமே, 2005 கடைசில வந்துச்சு, ஞாபகம் இருக்கா. அப்பல்லாம் ஒரு கம்பெனி சிம்லேந்து இன்னொரு கம்பெனி சிம்முக்கு கால் போனா, பண்ற கம்பெனி வாங்குற கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இவ்ளோன்னு குடுக்கணும். 2015ல அது 14 காசு, 2017 அக்டோபர்ல 6 காசாச்சு, 2021 ஜனவரி 1லேந்து சைபர். அதாவது நம்ம அம்மாவுக்கு கால் வந்தாலே கம்பெனிக்கு ஒரு வருமானம் இருந்துச்சு, அது போச்சு. இது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா 2018 கடைசில 35 ரூபா போட்டாதான் சிம் ஓடும்னு ஆரம்பிச்சு, அப்புறம் 49, 79, 99, 155ன்னு ஏறி 199ல வந்து நின்னுச்சே, அதுக்குப் பின்னாடி இந்தக் கணக்கும் இருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன் கம்பெனிங்களுக்கு விதி போடற அரசு அமைப்பு டிராய், 2024 டிசம்பர்ல ஒரு உத்தரவு போட்டுச்சு. டேட்டா இல்லாம பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கற பிளான் ஒண்ணாவது ஒவ்வொரு கம்பெனியும் குடுத்தே ஆகணும், அந்த மாதிரி ரீசார்ஜுக்கு அதிகபட்சம் 90 நாள்னு இருந்த வேலிடிட்டி வரம்ப 365 நாள் ஆக்கிக்கலாம்னு. நல்ல உத்தரவு. ஆனா 2025 ஜனவரில கம்பெனிங்க பண்ணத பாருங்க. ஏர்டெல்ல 84 நாளைக்கு 6 ஜிபியோட 509 ரூபாய்க்கு ஒரு பிளான் இருந்துச்சு, டேட்டாவ எடுத்துட்டு 499னு விட்டாங்க. ஆறு ஜிபிக்கு பத்து ரூபா தள்ளுபடி! விமர்சனம் வந்து, டிராய் இத பாக்கப் போறேன்னு சொன்னதும் சில நாள்லயே 469 ஆச்சு, 1959ன்னு விட்ட வருஷ பிளான் 1849 ஆச்சு. ஜியோ இன்னும் சாமர்த்தியம். 365 நாளைக்கு 1958ன்னு விட்டத 1748ஆ குறைச்சாங்க, ஆகா 210 ரூபா கம்மின்னு பாத்தா நாளையும் 336ஆ குறைச்சிருக்காங்க. வகுத்துப் பாத்தா நாளைக்கு 5.36 இருந்தது 5.20 ஆயிருக்கு. பதினாறு காசு. அதனாலதான் சொல்றேன் வகுங்க வகுங்கன்னு.

ஏர்டெல்ல 84 நாள் 469 போட்டா நாளைக்கு 5.58. வருஷ பிளான் 1849 போட்டா 5.07, கால் அன்லிமிடெட், 3600 எஸ்எம்எஸ். வி, அதான் வோடபோன் ஐடியா, அதுலயும் இதே 1849தான். இது நான் அப்ப பாத்த விலை, நீங்க போடறதுக்கு முன்னாடி ஒருதடவ ஆப்ல பாத்துக்குங்க, ஆனா மேலயே தெரியும்னு நெனைக்காதீங்க. நான் பாத்தப்ப மேல பூரா ஓடிடி, கிரிக்கெட்டு, 5ஜின்னு நிக்குது, இது கீழ எங்கயோ கடைசி டேப்ல கெடந்துச்சு. மறுநாள் காலைல அந்த கடைக்காரப் பையன்கிட்ட கேட்டா "அப்படி ஒரு பிளானே இல்லண்ணே"ன்னான், என் போன்ல காட்டுனப்புறம் தலைய சொறிஞ்சான்.

எனக்கு வயித்தெரிச்சல் எதுலன்னா, பேச்சு மட்டும் பிளான் 28 நாளைக்கு அப்ப இந்த மூணு கம்பெனியும் விடல. 84 நாள், இல்லன்னா வருஷம். எனக்கு 1849 மொத்தமா போட முடிஞ்சுது, போட்டேன். சொன்னேனே பக்கத்து வீட்டு சித்தி, நூறுநாள் வேலைக்குப் போறவங்க, அந்தக் கூலியும் எப்ப வரும்னு தெரியாது, அவங்க எங்க போவாங்க 469க்கு? அவங்க 199தான் போடுவாங்க, நாளைக்கு 7 ரூபா 11 காசு. ஷாம்புவ பாக்கெட்டா ஒரு ரூபாய்க்கு விக்கத் தெரிஞ்ச நாட்டுல, பேச்ச மட்டும் பாக்கெட்டா விக்க மனசு வரல. கையில மொத்தமா காசு இருக்கறவனுக்குத்தான் எல்லாமே சீப்பு. 30 நாள் பிளான் ஒண்ணாவது குடுங்கன்னு 2022லயே சொன்ன டிராய், இதுலயும் 30 நாள் பேச்சு மட்டும்னு ஒரு வரி சேத்திருக்கலாம்.

வேற வழி இல்லையான்னா இருக்கு. ஜியோ சிம் பழைய 2ஜி பட்டன் போன்ல ஓடாது, அவங்ககிட்ட 2ஜியே கெடையாது, ஆனா ஜியோபாரத்னு அவங்க 4ஜி பட்டன் போனே விட்டாங்க, 2023ல 999 ரூபாய்க்கு. அந்த போனுக்கு மட்டும் அப்ப 123 ரூபா, 28 நாள், நாளைக்கு 4.39 தான் வந்துச்சு, சித்திக்கு நான் சொன்னது அதத்தான். பிஎஸ்என்எல் பக்கம் சின்ன சின்ன பிளான் எப்பவும் உண்டு, ஆனா அங்கயும் விலைய ஏத்தாம நாளைக் கொறைக்கற பழக்கம் வந்துடுச்சு, 107 ரூபா பிளான் 35 நாள் இருந்தது 28 ஆச்சு. மாறுறதுக்கு முன்னாடி உங்க வீட்டு அடுப்படிக்குள்ள, கொல்லையில சிக்னல் வருதான்னு யார் போனாவது வாங்கி நின்னு பாருங்க, பஸ் ஸ்டாண்டுல வருதுன்னு நம்பி மாறாதீங்க. மாறணும்னா போர்ட்னு இங்கிலீஷ்ல அடிச்சு, ஒரு எடம் விட்டு நம்பர அடிச்சு 1900க்கு மெசேஜ், சிம்முல கெடக்குற பேலன்ஸ் போயிடும், மொதல்ல பேசி தீத்துடுங்க.

இன்னொண்ணு, 20 ரூபா பேலன்ஸ் இருந்தா சிம் சாகாதுன்னு ஒரு பார்வேர்டு சுத்துது. 90 நாள் எதுக்குமே பயன்படுத்தாம கெடந்தாலும், பேலன்ஸ்ல 20 ரூபா இருந்தா எடுத்துகிட்டு 30 நாள் நீட்டிக்கணும்னு பழைய விதி, 2013லேந்து இருக்கு. அது நம்பர வேற ஆளுக்குக் குடுத்துடாம காப்பாத்துற விதி. கால் வரும், ஓடிபி வரும்னு அதுக்கு அர்த்தம் கெடையாது. அதை நம்பி அம்மா அப்பா போன விட்டுடாதீங்க.

அம்மாவுக்கு 1849 போட்டுட்டு, "இனிமே எவ்ளோ வேணா பேசு, மிஸ்டு கால் குடுக்காத"ன்னு பத்து தடவ சொல்லிட்டு வந்தேன். பஸ்ல ஏறி ஒக்காந்ததும் ஒரு ரிங், கட். திருப்பிக் கூப்டா, "அடுத்த வருசம் பிப்ரவரி எட்டுன்னியே, அந்த காலண்டர் இன்னும் வரலியேப்பா, எங்க வட்டம் போடறது?"

கேஸ் புக்குக்குப் பின்னாடி அட்டையில எழுதச் சொல்லியிருக்கேன்.