சத்தம் கூடும், இழுவை கூடாது

இசுசு வி-கிராஸ் டீசல் பிக்கப் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கம்பெனி ஏர் பாக்ஸைக் (காற்று ஃபில்டர் இருக்கும் மூடிய பெட்டி) கழற்றிவிட்டு வெளியில் விற்கும் இன்டேக் கிட் (அகலமான காற்றுக் குழாயும் வேறு ஃபில்டரும்) போடலாமா என்று கேட்டார். பவர் கூடுமாம், மைலேஜும் கூடுமாம். போடவேண்டாம் என்றேன். டீசல் வண்டிக்குத் தேவையே இல்லை, அதிலும் சென்னையில்.

டீசல் இன்ஜினின் பவர், எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அதை முடிவு செய்வது இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். காற்றை அழுத்தித் தள்ள டர்போ இருக்கிறது, அது தரும் அழுத்தமான பூஸ்டும் இசியூ கையில்தான். வெறும் குழாயை அகலமாக்கினால் வண்டியின் 163 குதிரைத்திறன் 180 ஆகாது. இசியூ மேப்பை (அதிலுள்ள டீசல், பூஸ்ட் அளவுகளை) மாற்றி, டர்போவையும் பெரிதாக்குகிறவர்களுக்கு ஒருவேளை கம்பெனி ஃபில்டர் போதாமல் போகலாம். அது வேறு பட்ஜெட்.

மைலேஜ் பேச்சை விடுங்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட சோதனையில், ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துப் பார்த்தபோதே நவீன பெட்ரோல் கார்களின் மைலேஜ் பெரிதாக மாறவில்லை.

குளிர்ந்த காற்று நல்லதுதான். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். ஆனால் மூடியில்லாத கூம்பு ஃபில்டரை பானெட்டுக்குள் மாட்டிக்கொண்டு மே மாதம் கத்திப்பாரா நெரிசலில் நின்றால், வண்டி இழுப்பது இன்ஜின் சூட்டைத்தான்! அப்புறம் ஏன் போட்டவர்கள் எல்லாம் "வண்டி பறக்குது" என்கிறார்கள்? ஏர் பாக்ஸ் அடக்கிவைத்திருந்த டர்போ விசில் இப்போது காதில் விழுகிறது, கால் தானாக அழுத்துகிறது. அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறேன் என்றால் சரி, நான் தடுக்கவில்லை.

என் பயமெல்லாம் தூசியும் தண்ணீரும்தான். எண்ணூர், மணலி பக்கம் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஓட்டியவர்களுக்கு அந்தப் புழுதி தெரியும். நல்ல பேப்பர் ஃபில்டர் பிடிக்கும் நுண்மணலை, எண்ணெய் தடவிய துணி ஃபில்டர்கள் பல உள்ளே விட்டுவிடும். அது டர்போ இறக்கையையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும். எண்ணெய் அதிகமானால் காற்றளவு சென்சாரில் படியும். சில கிட்டுகளில் ஃபில்டர் பம்பர் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. 2015 வெள்ளத்தையும் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இது என்ன துணிச்சல்? சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்த முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

இழுவை குறைந்த மாதிரி இருந்தால் பழைய ஃபில்டரை மாற்றுங்கள். டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் கிளாம்ப் தளர்ந்து காற்று கசிகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கசிந்தால் ஹோஸைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரியும்.