மணலில் நிற்காத ஆணி

டென்ட்டோட எதுக்குத்தான் இந்த ஆணியைத் தர்றாங்களோ! பென்சில் தடிமன்கூட இல்லாத கம்பி, ஒரு ஜாண் நீளம். கடற்கரை மணல்ல இது எப்படி நிற்கும்? சென்னைக்குத் தெற்கே ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் மத்தியானத்துக்கு மேல கடல்காத்து கிளம்பினா நாலு ஆணியும் பிடுங்கிக்கிட்டு வரும், டென்ட் சவுக்குத்தோப்பு வரைக்கும் உருளும். ரெண்டு பேர் போனா ஒருத்தர் பிடிச்சுக்கலாம். தனியா பைக்ல போறவங்க என்ன செய்வாங்க? காத்து வர்ற பக்கத்து ரெண்டு மூலையை முதல்ல கட்டணும், கனமான பையை உள்ளே போடணும், அப்புறம்தான் கம்பத்தை நிமிர்த்தணும். ஆணிக்குப் பதிலா சாக்குப்பையில மணலை அள்ளி, கயிறு கட்டி, ஒரு முழம் ஆழத்துல புதைக்கணும். இதை எந்த உறையிலாவது அச்சடிச்சிருக்காங்களா?

‘ரெண்டு பேர் டென்ட்’ங்கிறது அதைவிடக் கொடுமை. 60 செ.மீ. அகலப் பாய் ரெண்டு விரிச்சா ஹெல்மெட்டை எங்கே வைக்கிறது?

சென்னைப் பக்கத்து ஈரக்காத்துல ஜிப்பை முழுசா மூடினா மூச்சுக்காத்தே துணியோட உள்பக்கத்துல தண்ணியாப் படியும். விடியும்போது ஸ்லீப்பிங் பேக் நனைஞ்சு கிடக்கும், மழையே பெய்திருக்காது. மேல்துணிக்கும் உள்வலைக்கும் நடுவுல காத்து ஓடணும். ஒற்றைத்துணி டென்ட்டுல எங்கே ஓடும்? அதையும் ‘வாட்டர்ப்ரூஃப்’னு விக்கிறாங்க!

இத்தனையும் சமாளிச்சுட்டா, காலையில கழிப்பறை தேடணும். டென்ட்டையும் பையையும் யார்கிட்ட விட்டுட்டுப் போறது?