யாருடைய தொண்ணூறுகள்?

'90ஸ் கிட்ஸ்' என்று தலைப்புப் போட்டு வருகிற பதிவுகளை நானும் ஆசையாகத்தான் படிக்கிறேன். வாடகை சைக்கிள், டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்த வீரர்கள் படம் போட்ட சீட்டு, தெரு கிரிக்கெட், ஆடியோ கடை வாசல், முதல் நாள் முதல் காட்சி, கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம். படித்து முடித்ததும் ஒரு சந்தேகம் வரும். அதே தொண்ணூறுகளில்தான் நானும் பாவாடை தாவணி கட்டிக்கொண்டு மன்னார்குடியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். இந்தப் பட்டியலில் முக்கால்வாசியை நான் செய்ததே இல்லை. செய்ய விட்டதில்லை என்று சொன்னால் இன்னும் சரி. அப்போ நாங்களெல்லாம் எந்த கிட்ஸ்?

ஆடியோ கடையையே எடுத்துக்கொள்வோம். அன்றைக்குப் படத்தின் கேசட்டை முழு விலை கொடுத்து வாங்குகிறவர்கள் குறைவு. டிடிகே, சோனி என்று ஒரு காலி கேசட் வாங்கி, பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து தருவார்கள். (திருட்டுப் பதிவுதான். அப்படி யாருக்கும் தோன்றியதில்லை.) 60 என்று போட்ட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், 90 என்றால் 45. பக்கம் முடிகிற இடத்தில் பாதிப் பாட்டோடு நாடா நின்றுவிடக் கூடாதே என்று நீளப் பாட்டு, குட்டிப் பாட்டு எல்லாம் கணக்குப் பார்த்து வரிசை போடுவேன். ஆனால் பந்தலடிப் பக்கம் இருந்த அந்தக் கடை வாசலை நான் மிதித்ததே கிடையாது. வயசுப் பையன்கள் நிற்கிற இடத்தில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை?

பட்டியலை எடுத்துக்கொண்டு தம்பி போவான். அதற்கு அவன் கூலியும் எடுத்துக்கொள்வான், பாட்டாக. நான் எழுதியதில் இரண்டை அடித்துவிட்டுத் தனக்குப் பிடித்த குத்துப்பாட்டை நுழைத்துவிடுவான். கேசட் வந்ததும் போட்டுக் கேட்டால், சித்ரா பாடி முடித்த மூச்சு அடங்கும் முன்னால் தாரை தப்பட்டை கிளம்பும். "கடைக்காரர் மாத்திப் பதிஞ்சுட்டாருக்கா" என்பான் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. எங்கள் வீட்டில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைத்திருந்தேன். பிற்பாடு தோழிகளிடம் பேசினால், எல்லார் வீட்டிலும் இதே தம்பி.

1992இல் 'ரோஜா' வந்தது. ரஹ்மானின் முதல் படம், முதல் படத்துக்கே தேசிய விருது. அந்த ஒலி அதுவரை கேட்டது எதைப் போலவும் இல்லை. வீட்டிலிருந்த டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட் பிளேயரும் ஒன்றாக இருக்கும் பெட்டி) பாட்டு கேட்கும், அந்த அடிநாதம் கேட்காது. அது கேட்க வேண்டுமென்றால் பெரிய ஸ்பீக்கர் வைத்த டீக்கடைக்குப் போக வேண்டும். பையன்கள் ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது, சைக்கிளில் அந்தக் கடையைக் கடக்கிற நேரம். ஒரு பல்லவி, அதிர்ஷ்டம் இருந்தால் அனுபல்லவி. சைக்கிளை நிறுத்த ஒரு காரணம் வேண்டும். செயின் கழன்றுவிட்டது என்பது நல்ல காரணம். அந்த வருஷம் எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கடைப் பக்கம் மட்டும் செயின் அடிக்கடி கழன்றது.

வானொலி வீட்டுக்குள் இருந்ததால் எங்கள் கைக்கு வந்தது. திருச்சி வானொலி தெளிவாக வரும், கடலோர மாவட்டம் என்பதால் இலங்கை வானொலியும் எடுக்கும். நேயர் விருப்பத்துக்கு 15 காசு அஞ்சலட்டை போதும். அதிலும் ஒரு சிக்கல். 'விரும்பிக் கேட்டவர்கள்' என்று பெயர்களை வரிசையாக வாசித்துவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். உங்கள் பெயருக்கு அடுத்தாற்போல முன்பின் தெரியாத ஒரு ஆண் பெயர், அப்புறம் ஒரு காதல் பாட்டு. ஊர் வாய்க்கு இது போதாதா? தோழி ஒருத்தி புத்திசாலித்தனமாகத் தன் பாட்டி பெயரில் அட்டை போட்டாள். பாட்டியின் பெயரைச் சொல்லி, ஊரையும் சொல்லி, துள்ளலான ஒரு டூயட்டைப் போட்டார்கள். பாட்டி கோபித்துக்கொள்வார் என்று பயந்தாள். நடந்தது வேறு. தெருவில் பாட்டியின் மதிப்பு ஏறிவிட்டது.

தூர்தர்ஷனின் வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சி 'ஒளியும் ஒலியும்' பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமா எல்லோரும் உட்கார்ந்திருக்க, மழையில் நனைகிற பாட்டு வந்தால் வீட்டிலுள்ள வயசுப் பெண்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீர் தாகம் எடுக்கும்.

1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி தொடங்கியது. எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் ஆனது. வந்த பிறகு நாங்கள் பார்த்ததில் மறக்க முடியாதவர், நேயர்கள் போன் போட்டுப் பாட்டு கேட்கும் 'பெப்சி உங்கள் சாய்ஸ்' நிகழ்ச்சியை நடத்திய உமா. ஆண்கள் எழுதும் பதிவுகளில் அவர் கனவுக்கன்னி. அவருடைய புடவை, சிரிப்பு, லைன் கிடைக்காத சோகம். எங்கள் கண்ணுக்கு அவர் வேறு ஆள். முகம் தெரியாத ஆண்களிடம் கூசாமல் பேசுவார், வழிகிறவரை நோகாமல் நிறுத்துவார், பாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார். இவ்வளவையும் சிரித்த முகத்தோடு வேலையாகச் செய்து சம்பளம் வாங்குகிற பெண். எங்கள் ஊரில் அந்தப் பேச்சில் பாதி பேசினாலே வாயாடிப் பட்டம் கிடைக்கும். நானும் தோழிகளும் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தது அவர் புடவைக் கட்டை அல்ல, அந்தப் பேச்சை.

தியேட்டருக்கு அம்மாவோடும் சித்தியோடும் போவோம், அதுவும் பகல் காட்சிக்கு. பெண்களுக்குத் தனி வரிசை. எங்கள் வரிசை சீக்கிரம் நகரும் என்பதால், சட்டை கசங்க நிற்கிற அண்ணன்மார் காசை நீட்டி, "ரெண்டு டிக்கெட் சேர்த்து எடுத்துக் குடும்மா" என்று கெஞ்சுவார்கள். ஊருக்குள் எங்களுக்கு அதிகாரம் இருந்த ஒரே இடம் அந்த டிக்கெட் கவுண்டர்தான்.

புத்தகத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு நிஜமான கோபம். ராஜேஷ்குமாரின் க்ரைம் மாத நாவல்களை அண்ணன்கள் வாங்குவார்கள். ரமணிசந்திரனின் குடும்பக் காதல் நாவல் லெண்டிங் லைப்ரரியிலிருந்து வந்து அம்மா, சித்தி, நான், எதிர்வீட்டு அக்கா என்று கைமாறித் தையல் பிரிந்து திரும்பிப் போகும். இன்றைக்குத் தொண்ணூறுகளைக் கொண்டாடுகிறவர்கள் முதலாவதைப் பற்றிப் பேசினால் குரலில் பெருமை. இரண்டாவதைச் சொன்னால் ஒரு இளிப்பு, "அதெல்லாம் அழுமூஞ்சிக் கதை" என்று. பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் இரண்டும் ஒரே கயிற்றில்தான் தொங்கின. எழுத்தின் தரத்தைப் பற்றித் தாராளமாகச் சண்டை போடலாம், நானே போடுவேன். ஆனால் தன் பிள்ளைப் பிராயத்து மசாலாவுக்கு ஏக்கம் என்று பெயர் வைத்துவிட்டு, அக்கா தங்கை படித்ததைக் கேலி செய்வது என்ன நியாயம்?

அதற்காக, வீட்டுக்குள் இருந்ததே ஒரு சுகம் என்று இனிப்புத் தடவி எழுதவும் எனக்கு மனமில்லை. விட்டிருந்தால் கடை வாசலில் நின்றிருப்போம், இரவுக் காட்சிக்கும் போயிருப்போம். என் வகுப்பிலேயே பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு கழுத்தில் தாலி ஏறிய பிள்ளைகள் இருந்தார்கள். பட்டியல் எழுதிக் கொடுக்க ஒரு தம்பியாவது எனக்கு இருந்தான். அவர்களுக்கு அடுப்படி ரேடியோதான், அதுவும் மாமியாருக்குப் பிடித்த நிலையம்.

இவ்வளவு தடையிலும் ஒன்றில் நாங்கள் கெட்டி. பாட்டுப் புத்தகம். ஒரு ரூபாய்க்குள் கிடைக்கும் மெல்லிசான தாள், எழுத்துப் பிழைகள் இலவசம். பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க வழியில்லாததால் வரியைப் பிடித்துக்கொண்டோம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் முழுப் பாட்டையும் எழுதி வைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்து பாடுவோம். மெட்டு மறந்தால் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள்.

போன வருஷம் எங்கள் செட்டுப் பையன்களும் பெண்களும் குடும்பத்தோடு கூடினோம். சாப்பாட்டுக்கு அப்புறம் பாட்டுக்குப் பாட்டு வைத்தார்கள். தொண்ணூறுகளே தங்களுடையது என்பதுபோல் வாட்ஸ்ஆப்பில் தினமும் பதிவு போடுகிற ஆண்கள் எல்லோரும் பல்லவியைக் கம்பீரமாக எடுத்தார்கள். முதல் சரணத்தில் தந்தனா போட்டார்கள். இரண்டாவது சரணத்துக்கு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரே ஒருவன் மட்டும் கடைசி வரி வரை பிசகாமல் பாடினான். விசாரித்தோம். அவனுக்கு மூன்று அக்கா.