அந்த கிட்டார் சோலோ ஜிம்மி பேஜ் வாசிச்சது இல்லைங்க
கிங்க்ஸ்ங்கிற பிரிட்டிஷ் ராக் பேண்டோட 'யூ ரியலி காட் மீ' பாட்டுல கிட்டார் தனியா வர்ற சோலோவை, பின்னாடி லெட் செப்பலின்ல வாசிச்ச ஜிம்மி பேஜ் வாசிச்சார்னு மேல ஒருத்தர் போட்டிருக்கீங்க, அது தப்பு, பேஜே நான் இல்லைன்னு சொல்லிட்டாரு. வாசிச்சது கிங்க்ஸோட கிட்டாரிஸ்ட் டேவ் டேவிஸ், அப்ப அவருக்கு வயசு 17 தான்! அந்தக் கரகர சவுண்டுக்காக சின்ன எல்பிகோ ஆம்ப்போட (கிட்டார் சத்தத்தைப் பெருக்குற பெட்டி) ஸ்பீக்கர் கோனை பிளேடால கிழிச்சு, அதை வாக்ஸ் ஆம்ப்புல சொருகி வாசிச்ச பையன், அவன் உழைப்பைத் தூக்கி இன்னொருத்தர் கணக்குல எழுதாதீங்க ப்ளீஸ். செஷன் ஆள், அதாவது ரெக்கார்டிங்குக்கு கூலிக்கு வந்து வாசிக்கிறவர், இருந்தது உண்மை, ஆனா டிரம்ஸ்ல, பாபி கிரஹாம். பேஜ் கிங்க்ஸோட முதல் ஆல்பத்துல வேற சில பாட்டுக்கு வாசிச்சாரு, குழப்பம் அங்கேருந்து வந்திருக்கும். பாட்டை எழுதினது டேவோட அண்ணன் ரே டேவிஸ், அதுவும் முதல்ல பியானோவுல. 1964 செப்டம்பர்ல பிரிட்டன்ல நம்பர் ஒன், 1978ல வான் ஹேலன்ங்கிற அமெரிக்க ராக் பேண்ட் தங்களோட முதல் ஆல்பத்துலயே இதை எடுத்து வாசிச்சாங்க.