சாட்சி சொல்வதற்கு முந்தைய மாதங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிற கிறிஸ்தவர்களுக்கு வாரக் கடைசி கொஞ்சம் விநோதமாக அமைந்திருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை. சரக்கு வாங்குகிற பையரிடமிருந்து பணம் ஏறுமா ஏறுமா என்று மத்தியானம் முழுக்கப் போனையே பார்த்திருந்து, ஏறாமல் போய், கடைசியில் யாரிடமாவது கைமாற்று வாங்கி டெய்லர், செக்கிங், கைமடி எல்லாருக்கும் பட்டுவாடா பண்ணிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வருவார் மனுஷன். மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். வெளியே வரும்போது குருவானவர் கைகொடுத்து, "தொழில் எப்படிப் போகுது?" என்று கேட்பார். "கர்த்தர் கிருபையில நல்லா போகுதுங்க ஐயா."

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதே சபையில் மூன்று வரிசை பின்னால் நூல் ஏஜெண்ட் இருக்கிறார். பாடகர் குழுவில் நிற்கிற தம்பியின் அப்பா டையிங் (சாயப்பட்டறை) வைத்திருக்கிறார், அவருக்கும் பில் பாக்கி. ஜெப விண்ணப்பத்தில் "இன்னாருடைய தொழில் நெருக்கடிக்காக" என்று ஞாயிற்றுக்கிழமை வாசித்தால், திங்கட்கிழமை காலை "இந்த வாட்டி மட்டும் கேஷா குடுத்துருங்கண்ணா" என்று போன் வரும். வாட்ஸப் ஜெபக் குழுவில் போட்டால் திங்கட்கிழமை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அதனால்தான் எல்லாரும் "வியாபார ஆசீர்வாதத்துக்காக" என்று பொத்தாம்பொதுவாக எழுதிக் கொடுக்கிறார்கள். முழுகிக்கொண்டிருப்பவரும் அதையே எழுதுகிறார், இரண்டாவது யூனிட் போடப்போகிறவரும் அதையே எழுதுகிறார். ஜெபிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

சபைக்குத் தொழில் செய்கிறவரை இரண்டு விதமாகத்தான் தெரியும். ஒன்று, கொடுக்கிறவர். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுக்கிறவர், கோயிலுக்குச் சுற்றுச்சுவர் கட்டும்போது முதலில் நினைவுக்கு வருகிறவர். தொழில் படுத்த வருஷம் அவர் ஏலத்தன்றைக்கு ஊரில் இருக்க மாட்டார், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொன்று, சாட்சி சொல்கிறவர். சாட்சி என்பது முடிந்துபோன கஷ்டம். "ஒரு காலத்தில் கடனில் இருந்தேன், கர்த்தர் தூக்கிவிட்டார்" என்று மைக்கில் சொல்லலாம். "போன வாரம் செக் திரும்பிவிட்டது, அடுத்த வாரம் என்ன செய்வதென்று தெரியவில்லை" என்று சொல்ல முடியாது. நடுவில் இருக்கிற அந்த மாதங்களுக்கு நம்முடைய ஆராதனை முறையில் இடமே இல்லை.

தொழில் செய்வோருக்கென்று கிறிஸ்தவக் கூடுகைகள் இல்லாமல் இல்லை. டெமோஸ் ஷகாரியன் என்ற கலிபோர்னியா பால்பண்ணைக்காரர் 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆரம்பித்த ஃபுல் காஸ்பல் பிசினஸ்மென்ஸ் ஃபெலோஷிப் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டே வாழ்க்கையைப் பேசுவது அதன் வழி. எனக்கு அந்த யோசனை பிடிக்கும். சாப்பாட்டு மேசையில் மனுஷன் கொஞ்சம் இளகுவான். நான் கேட்பது அதற்கு அடுத்த படி. சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட்டை விரிக்கிற மேசை.

இதற்குக் குறுக்கே நிற்பது நாம் கேட்டு வளர்ந்த பிரசங்கம்தான். கடன் வாங்காமல் கடன் கொடுப்பாய் என்பதைப் புது வருஷ வாக்குத்தத்த அட்டையாக வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம். அதே மேசையில் உட்கார்ந்துதான் சிசி லிமிட்டை, அதாவது பேங்க் தருகிற சுழல்கடன் வரம்பை, கூட்டிக் கேட்டு மனு எழுதுகிறோம். நூல் இன்றைக்கு வேண்டும், ஷிப்மெண்ட் போய்ப் பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். இந்த இடைவெளியைக் கடன் இல்லாமல் தாண்டுகிறவர்கள் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கடனே சாபம் என்று கேட்டுக்கேட்டு, கணக்கு இடிக்க ஆரம்பித்ததும் முதல் சந்தேகம் தன் ஆத்துமாவின்மேல் வருகிறது. எந்தப் பாவம், எந்தத் தசமபாகம் விட்டுப்போனது என்று தேடுகிறார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம். 2020இல் ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனது. இதில் எது யாருடைய விசுவாசக் குறைவு? நொய்யல் ஆற்றில் சாயம் கலந்ததற்கு வேண்டுமானால் நாம் எல்லாரும் மனந்திரும்பலாம், அது தனிப் பதிவு.

இரண்டாம் ராஜாக்கள் நான்காம் அதிகாரத்து விதவையைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எல்லாம் எண்ணெய் பெருகியதில் போய் முடியும். நான் பார்ப்பது அதற்கு முன்னால் நடப்பதை. அந்த அம்மா எலிசா தீர்க்கதரிசியிடம் பொத்தாம்பொதுவாகப் பேசவில்லை. புருஷன் செத்துப்போனான், கடன்காரன் வந்திருக்கிறான், இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோகப் போகிறான் என்று நிலவரத்தை அப்படியே வைத்தாள். அவர் கையை வைத்து ஜெபித்து அனுப்பவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அப்பட்டமான ஸ்டாக் கணக்கு. பக்கத்து வீடுகளில் பாத்திரம் வாங்கு என்றார், கதவைப் பூட்டிக்கொள் என்றார். பாத்திரம் கொடுத்தவர்களுக்கு அவள் கணக்கு தெரிய வேண்டிய அவசியமே இல்லை, தெரிந்தவர் ஒருவர் போதும். கடைசியில் எண்ணெயை விற்றுக் கடனை அடை, மிச்சத்தில் பிழைத்துக்கொள் என்று வரிசையும் சொல்லிக்கொடுத்தார். ஒரு நல்ல ஆடிட்டர் இதைத்தான் செய்வார்.

எங்கள் பக்கத்து சபையில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிற ஒருவருக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தார். ரிட்டையர்ட் பேங்க் மேனேஜர், காணிக்கை எண்ணுகிற குழுவில் இருப்பவர். யூனிட்காரர் குருவானவரிடம் தனியாகப் பேச, குருவானவர் தனக்குப் புரியாத விஷயம் என்று ஒத்துக்கொண்டு இவரிடம் அனுப்பினார். (அந்தக் குருவானவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.) பெரியவர் முதலில் கேட்டது, தவணை எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்பதுதான். முப்பது நாள், அறுபது நாள் என்று வங்கி ஒவ்வொரு கட்டமாகக் குறித்துக்கொண்டே வந்து, 90 நாள் தாண்டினால் வாராக்கடன் என்று எழுதிவிடும். அதற்கு முன்னால் சிறுதொழில்காரர் தாமாகவே காரணத்தைச் சொல்லி, தவணையை மாற்றியமைக்கக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். 25 கோடி வரை கடன் உள்ளவர்களுக்காக 2015இல் மத்திய அரசு இதற்கு நடைமுறை வகுத்தது, 2016இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவாக அனுப்பியது. 2024இல் உச்ச நீதிமன்றமும், வங்கிகள் இதைப் பின்பற்றியே ஆக வேண்டும், ஆனால் கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே தொழில்காரரும் ஆதாரத்தோடு முன்வர வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதாவது, வாயை மூடிக்கொண்டு வெள்ளைச் சட்டையோடு கழிக்கிற அந்த மாதங்களில்தான் கேட்கிற வாய்ப்பு நழுவுகிறது.

மனு தயார் செய்ய அவர்களுக்குச் சில சாயங்காலங்கள் பிடித்தன. கந்துவட்டிக்கு வாங்கியதையும் மனைவிக்குத் தெரியாமல் வைத்த நகையையும் சொல்ல வைத்தார் பெரியவர். கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாம் 2003ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டப்படி குற்றம் என்பதே யூனிட்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் மெஷின்களை விற்றார். யூனிட் சிறிதாகிவிட்டது, ஓடுகிறது. பேங்கிலிருந்து போன் வந்தால் இப்போது எடுக்கிறார்.

ஒவ்வொரு பெரிய சபையிலும் இப்படி ரிட்டையர்ட் மேனேஜர்கள், ஆடிட்டர்கள், வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சில்லறை எண்ணவும் அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அரிசி விலை பேசவும் வைத்திருக்கிறோம். நான் சொல்கிற மேசைக்கு, சேகரத்துக்கு (பல சபைகள் சேர்ந்த வட்டாரத்துக்கு) இரண்டு மூன்று பேர் போதும். மேசையில் பேசியது வீட்டுக்குக்கூடப் போகக் கூடாது. அதே தொழிலில் கொடுக்கல் வாங்கல் உள்ளவர் மேசையில் இருக்கக் கூடாது. முக்கியமாக, அங்கே யாரும் யாருக்கும் கடனும் கொடுக்க வேண்டாம், ஜாமீன் கையெழுத்தும் போட வேண்டாம். அந்தக் கையெழுத்துக்கு நீதிமொழிகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. பணம் உள்ளே வந்தால் மேசை ஏலச்சீட்டாகிவிடும்.

பெண்கள் விஷயம் தனி. யூனிட் நடத்துகிற அக்காக்கள் எனக்குத் தெரிந்தே பல பேர். ஆண்கள் ஐக்கிய சங்கத்தில் அவர்களுக்கு இடம் இல்லை, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பில் பாக்கி பற்றிப் பேச்சு எழாது. மேசை போடுவதானால் முதல் நாளிலிருந்தே அவர்களும் அதில் உட்கார வேண்டும்.

இன்னொன்று. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்கிற இடத்துக்கு ஒருவர் வந்துவிட்டால் அது ஆடிட்டர் வேலையும் இல்லை, குருவானவர் தனியாகச் சுமக்கிற வேலையும் இல்லை. டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ராத்திரி நேரமானால் 14416, டெலி மானஸ், அரசாங்கத்து இலவச எண். எடுப்பதற்கு 24 மணி நேரமும் ஆள் உண்டு. உபவாச ஜெப நோட்டீஸின் அடியில் இந்த எண்ணையும் அச்சடித்தால் யாருடைய விசுவாசமும் குறைந்துவிடாது.

"சபைக்கு எதற்குய்யா பேங்க் வேலை?" என்று கமிட்டியில் கேட்பார்கள், தெரியும். சுற்றுச்சுவர் கட்ட நன்கொடை கேட்டுப் போகும்போது அவர் தொழில் நமக்குச் சம்பந்தப்பட்டதாகத்தானே இருந்தது? உங்கள் சபையில் இப்படி ஒன்று ஏற்கெனவே நடக்கிறது என்றால் சொல்லுங்கள். ரகசியத்தை எப்படிக் காக்கிறீர்கள் என்பதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவில் எழுத வேண்டாம், இன்பாக்ஸுக்கு வாருங்கள்.